கை எப்படி ‘வருகிறது’? பக்கவாதத்துக்குப் பின் மூளை மீண்டும் பழகும் விதம்

பக்கவாதம் வந்தவரின் வீட்டில் எல்லோரும் முதலில் கேட்பது “கை கால் வந்துவிடுமா?” என்றுதான். நம் பேச்சில், நோய் தாக்கும்போது கை ‘விழுந்துவிடுகிறது’, குணமாகும்போது ‘வருகிறது’. கை எங்கோ போயிருப்பது போலவும், நாளானால் தானே திரும்பிவிடும் என்பது போலவும் இந்தச் சொற்கள் நம்மை நினைக்க வைக்கின்றன. உண்மையில் கையின் எலும்பும் தசையும் நரம்பும் முன்பிருந்தபடியே இருக்கின்றன. கையை இயக்கும் கட்டளை பிறக்கும் இடமோ, அது இறங்கி வரும் வழியோதான் மூளைக்குள் சேதமடைந்திருக்கிறது. ‘வருதல்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. வீணை கைவந்தது, தையல் கைவந்தது என்று சொல்லும்போது, பலகாலம் பழகிப் பெற்ற தேர்ச்சியைக் குறிக்கிறோம். பக்கவாதத்துக்குப் பின் கை வருவதில் ஒரு பங்கு தானாக நிகழ்கிறது. மீதிப் பங்கு இந்த இரண்டாவது பொருளில், பழக்கத்தால் வருகிறது. இவ்விரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்ட குடும்பம் நோயாளிக்குச் செய்யக்கூடிய உதவி மிகப் பெரியது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. பெரிய குழாய் ஒன்று அடைபடும்போது, சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. வாய் கோணியவரை, பேச்சுக் குழறியவரை, ஒரு கையைத் தூக்க முடியாதவரை நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள் என்று மருத்துவர்கள் மன்றாடுவது இதனால்தான்.

மூளையின் மேற்பரப்பில், உச்சியிலிருந்து காதை நோக்கி இறங்கும் ஒரு பட்டையில், உடலின் ஒவ்வோர் உறுப்பையும் இயக்குவதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட் 1930களில், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்தூண்டலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இந்தப் பட்டையை வரைபடமாக்கினார். அந்த வரைபடத்தில் முதுகும் வயிறும் சேர்ந்த உடல் நடுப்பகுதிக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. விரல்களுக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் கிடைத்த இடமோ மிகப் பெரியது. இங்கிருந்தும் இதன் அண்டைப் பகுதிகளிலிருந்தும் மூளையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் புறப்பட்டு, மூளையின் ஆழத்தில் ஒரு குறுகிய கணவாயில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கி, கழுத்துக்குச் சற்று மேலே பெரும்பாலும் எதிர்ப்பக்கம் கடந்து, தண்டுவடத்துக்குள் போகின்றன. இடப்பக்க மூளை தாக்கப்பட்டால் வலக்கை விழுவது இதனால்தான். அந்தக் கணவாயில் கொண்டைக்கடலை அளவுக்குச் சேதம் ஏற்பட்டாலே ஒரு பக்கம் முழுவதும் விழுந்துவிடலாம். ஸ்கேனில் தெரியும் புள்ளி சிறியதாக இருக்கிறதே, கை ஏன் இப்படிக் கிடக்கிறது என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்: சேதத்தின் அளவைவிட, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதே முக்கியம்.

இறந்த அணு திரும்பாது

கத்தி வெட்டில் மணிக்கட்டு நரம்பு அறுந்தவருக்கு, அதைச் சேர்த்துத் தைத்தால், நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் விரலை நோக்கி வளரும். கைகால்களில் ஓடும் நரம்புகளுக்கு இந்தத் திறன் உண்டு. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அது இல்லை. நரம்பணுவின் வடிவத்தை உலகுக்குக் காட்டிய ஸ்பெயின் நாட்டு அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹால், வளர்ந்த மனிதரின் மூளையில் எல்லாம் மடியலாம், எதுவும் மீண்டும் முளைக்காது என்ற கருத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். முடிந்தால் எதிர்கால அறிவியல் இந்தக் கடுமையான தீர்ப்பை மாற்றட்டும் என்றும் அவரே சேர்த்து எழுதினார். 1981இல் மான்ட்ரியலில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ ஆகிய இருவரும் எலியின் கால் நரம்புத் துண்டு ஒன்றை, மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலமாக வைத்துப் பார்த்தபோது, முளைக்காது என்று கருதப்பட்ட மைய நரம்பிழைகள் அந்தப் பாலத்துக்குள் சில சென்டிமீட்டர் நீளம் வளர்ந்தன. வளரும் ஆற்றல் இழைகளுக்கு இருக்கிறது, மூளைக்குள் அவற்றைச் சுற்றியிருக்கும் சூழலே தடுக்கிறது என்பது அதிலிருந்து தெளிவானது. அந்தத் தடையை நீக்கும் ஆய்வு இன்றும் தொடர்கிறது. இன்று பக்கவாத வார்டில் படுத்திருப்பவருக்கு அது இன்னும் மருந்தாகி வரவில்லை.

அப்படியானால், மடிந்த அணுக்கள் மடிந்தவையாகவே இருக்கும்போது, இரண்டு மாதத்தில் கை அசைவது எப்படி?

தானாக வடிவது

முதல் சில வாரங்களில் நிகழும் முன்னேற்றத்துக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. மடிந்த பகுதியைச் சுற்றி, ரத்தம் குறைந்துபோனதால் செயலிழந்தும் இன்னும் உயிரோடிருக்கும் ஒரு விளிம்பு இருக்கும். ரத்த ஓட்டம் சீரானால் அது பிழைத்து மீண்டும் வேலை செய்யும். வீக்கம் இருக்கும், அது நாள்பட வடியும். சேதமே அடையாத தொலைதூரப் பகுதிகளும் சில நாள் மௌனமாகிவிடுகின்றன என்பதை 1914இல் சூரிச் நகரின் கான்ஸ்டான்டின் ஃபான் மோனகோ விளக்கினார். ஒரு தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனால், அதன் வழியாக மின்சாரம் பெற்ற அடுத்த தெருக்களும் இருண்டுவிடுகின்றன அல்லவா? அந்தத் தெருக்களின் கம்பிகளில் பழுதில்லை, வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது. மூளையில் அவை மெல்ல வேறு வழியில் விழித்துக்கொள்கின்றன.

இந்த வடிதலோடு கூடவே, மூளையில் புதிய கிளைகளும் இணைப்புகளும் உருவாவதற்கு ஏதுவான ஒரு காலமும் தொடங்குகிறது. பெருமளவு முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களுக்குள் தெரிவது இவ்விரண்டும் சேர்ந்து நடப்பதால்தான். எவ்வளவு வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லவும் முடிகிறது. நெதர்லாந்தில் செய்து 2010இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்த இரண்டாம் நாளிலேயே விரல்களைச் சற்றேனும் நீட்டவும் தோளைப் பக்கவாட்டில் சற்றேனும் விலக்கவும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் கைத்திறன் ஓரளவு திரும்புவதற்கான வாய்ப்பு 98 விழுக்காடு என்று கண்டறிந்தார்கள். அந்த அசைவுகள் இல்லாதவர்களுக்கு அது 25 விழுக்காடு. நான்கில் ஒருவருக்கு வந்திருக்கிறது என்பதையும் இதில் கவனிக்க வேண்டும்; இரண்டாம் நாள் அசைவில்லை என்பதற்காகக் கையை மறந்துவிடச் சொல்லும் கணக்கு இது அன்று.

பழகி வருவது

இனி மற்ற பங்கு. அமெரிக்காவில் ரான்டால்ஃப் நூடோவும் உடன் பணியாற்றியவர்களும் 1996இல் வெளியிட்ட ஓர் ஆய்வை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அணில் குரங்கு எனப்படும் சிறு குரங்குகளின் மூளையில், கையை இயக்கும் பகுதியின் ஒரு துண்டில் மட்டும் ரத்தத்தை நிறுத்தினார்கள். சேதமடையாத மிச்சக் கைப்பகுதி அப்படியே இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். பயிற்சி ஏதும் தராமல் விட்ட குரங்குகளில், பிழைத்திருந்த அந்த மிச்சமும் கையைக் கைவிட்டுச் சுருங்கியது. வேறு சில குரங்குகளுக்கு, சிறு குழிகளில் உணவு உருண்டைகளை வைத்து, பாதிக்கப்பட்ட கையின் விரல்களாலேயே தோண்டி எடுக்கும்படி நாள்தோறும் பழக்கினார்கள். அவற்றில் மிச்சக் கைப்பகுதி சுருங்கவில்லை. சிலவற்றில், முன்பு முழங்கைக்கும் தோளுக்கும் உரியதாக இருந்த இடத்துக்குள்ளும் கை பரவியிருந்தது.

மூளையின் வரைபடம் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் போன்றதன்று என்பது இதிலிருந்து தெரிகிறது. எது பயன்படுகிறதோ அது இடம் பிடிக்கிறது. எது சும்மா கிடக்கிறதோ அதன் இடம் அண்டையாரிடம் போகிறது. ஓர் அசைவை முயலும்போது சில நரம்பணுக்கள் ஒன்றாகத் துடிக்கின்றன. அந்த முயற்சி திரும்பத் திரும்ப நிகழும்போது, அவற்றுக்கிடையே உள்ள இணைப்புகள் வலுக்கின்றன, முன்பு வலுவற்றுக் கிடந்த பக்க இணைப்புகள் வேலைக்கு வருகின்றன, புதிய கிளைகள் சிறு அளவில் முளைக்கின்றன. இந்தத் தன்மையையே மூளையின் நெகிழ்வுத்தன்மை என்கிறோம். வீணை பழகுகிறவரின் மூளையில் நடப்பதும் இதே வேலைதான்.

இதன் மறுபக்கத்தை, பயன்படுத்தாமல் விடுவதால் வரும் இழப்பை, எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் காட்டினார். குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகளை மட்டும் அறுத்து, அசைவைத் தரும் நரம்புகளைத் தொடாமல் விட்டபோது, அசைக்கக்கூடிய அந்தக் கையைக் குரங்கு அசைக்கவே இல்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டதும், விட்டுவிட்ட கையால் உணவை எடுத்தது. அவர் தந்த விளக்கம் இது: பாதிப்பு வந்த முதல் நாட்களில் குரங்கு அந்தக் கையால் முயன்று முயன்று தோற்கிறது, நல்ல கையால் செய்தால் உடனே காரியம் ஆகிறது, சில வாரம் கழித்து அசையும் திறன் திரும்பியிருந்தாலும், ‘இந்தக் கை உதவாது’ என்ற பாடம் அதற்குள் படிந்துவிடுகிறது. மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் இருந்த இவருடைய ஆய்வகத்தில், குரங்குகள் வைக்கப்பட்டிருந்த நிலை குறித்து எழுந்த புகாரால் 1981இல் காவல்துறை சோதனையிட்டது. வழக்கில் வழங்கப்பட்ட தண்டனை பின்னர் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. இன்று நாம் பெறும் சிகிச்சைக்குப் பின்னால் அந்த விலங்குகள் பட்ட துன்பம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

பக்கவாதம் வந்த மனிதருக்கும் அதே பாடம் படிகிறது என்று டாப் கருதினார். அலபாமா பல்கலைக்கழகத்தில் அவர் வளர்த்தெடுத்த சிகிச்சை முறையில், நல்ல கைக்கு ஓர் உறையை மாட்டிவிட்டு, விழுந்த கையால் எல்லா வேலைகளையும் செய்ய வைக்கிறார்கள். 222 பேர் பங்கேற்று 2006இல் முடிவு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள் இரண்டு வாரத்துக்கு, விழித்திருக்கும் நேரத்தில் 90 விழுக்காடு நல்ல கையில் உறை அணிந்து, வார நாட்களில் ஆறு மணி நேரம் வரை பயிற்சி செய்தார்கள். வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களைவிட இவர்களுடைய கை தெளிவாக முன்னேறியது. ஓராண்டு கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மணிக்கட்டையும் விரல்களையும் சற்றேனும் நீட்ட முடிந்தவர்களுக்கே இந்த முறை பொருந்தும். சிறிதும் அசையாத கையோடு இருப்பவரின் நல்ல கையைக் கட்டுவது அவரை வதைப்பதாகவே முடியும்.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்த தவறு இதற்கு நேர் எதிரானது. ஓய்வுபெற்ற தபால்காரரான என் பெரியப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்தபோது, பெரியம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டினார். அண்ணன் சட்டைக்குப் பொத்தான் போட்டான். தண்ணீர் என்று அவர் வாயெடுக்கும் முன்பே டம்ளர் உதட்டருகில் வந்து நிற்கும். நான்கு மாதம் இப்படிப் போயிற்று. அன்பால் செய்தோம், அந்த அன்பு அவருடைய கைக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை. பிறகு வந்த பிசியோதெரபிஸ்ட் பந்தையும் ரப்பரையும் எடுக்கவில்லை. வீட்டுப் பரணில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரு கட்டாக மேசையில் வைத்து, “ஐயா, ஊர்வாரியாகப் பிரித்துக் கொடுங்கள்” என்றார். முதல் நாள் ஒரு பத்திரிகையை மேசை விளிம்புக்குத் தள்ளிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடிக்கவே கால்மணி நேரமானது. ஆனால் முப்பது ஆண்டு செய்த வேலையல்லவா, அவர் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் கட்டு முழுவதையும் பிரித்தார். பொத்தான் போடுவது கடைசிவரை வரவில்லை, கையெழுத்து வந்தது.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் இயன்முறை மருத்துவத்தின் இரண்டு அடிப்படைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, எதைப் பழகுகிறோமோ அதுவே வரும். கையைத் தூக்கித் தூக்கி இறக்குவதால் கையைத் தூக்குவது வரும். பத்திரிகையை எடுப்பது, பத்திரிகையை எடுத்துப் பழகினால்தான் வரும். நோயாளிக்குப் பொருளுள்ள வேலையாக அது இருந்தால் கவனம் குவியும்; கவனமில்லாமல் செய்யும் அசைவை மூளை அவ்வளவாகப் பதித்துக்கொள்வதில்லை. மற்றவர் பிடித்து நம் கையை மடக்கி நீட்டிவிடுவது மூட்டு இறுகாமல் காக்கும், அது அவசியமும்கூட. ஆனால் முயற்சி நோயாளியின் மூளையிலிருந்து புறப்படாதவரை அங்கே கற்றல் நடப்பது குறைவு.

இரண்டாவது, எண்ணிக்கை. விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை அசைவைச் செய்ய வைத்த பிறகே மூளை மாறியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை அறைகளில் கேத்தரின் லாங்கும் உடன் பணியாற்றியவர்களும் அருகில் நின்று எண்ணி 2009இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓர் அமர்வில் கைக்குக் கிடைத்த செயல்சார்ந்த பயிற்சி சராசரியாக 32 முறைதான். மீதியை வீடுதான் தர வேண்டும். தினமும் அரைமணி நேரம் ஒருவர் வந்து பயிற்சி கொடுத்துவிட்டுப் போகிறார், அது போதும் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு இந்த எண்ணைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அதற்காக, பக்கவாதம் வந்த அன்றே எழுப்பி நிறுத்திப் பயிற்சியைத் தொடங்கிவிடக் கூடாது. 2,104 பேர் பங்கேற்று 2015இல் முடிவு வெளியான அவெர்ட் என்ற பன்னாட்டு ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கி அடிக்கடி, நெடுநேரம் எழுப்பி இயக்கப்பட்டவர்கள், வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களைவிடச் சற்றுப் பின்தங்கினார்கள். முதல் ஓரிரு நாளில் எவ்வளவு அசையலாம் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

ஒரு டம்ளரை எடுப்பது

மேசையில் இருக்கும் தண்ணீர் டம்ளரை எடுப்பதை உற்றுக் கவனித்தால் பக்கவாதத்தின் சிக்கல் புரியும். நலமாக இருப்பவர் கை நீட்டும்போது, தோள்பட்டை நிலைகொள்கிறது, முழங்கை விரிகிறது, பாதி வழியிலேயே விரல்கள் டம்ளரின் அகலத்துக்கு ஏற்பத் திறந்துகொள்கின்றன, தொட்ட கணத்தில் எடையை ஊகித்துப் பிடி இறுகுகிறது. பக்கவாதம் வந்தவர் அதே டம்ளரை நோக்கி முயலும்போது, தோள் காதை நோக்கி மேலே ஏறுகிறது, விரிய வேண்டிய முழங்கை மடங்குகிறது, திறக்க வேண்டிய விரல்கள் மூடிக்கொள்கின்றன. எட்டாத தூரத்தை ஈடுகட்ட உடம்பு முழுவதும் முன்னால் சாய்கிறது. முயற்சியைக் கூட்டக் கூட்ட இந்தப் பிணைப்பு இன்னும் இறுகும். விரல்களைத் தனித்தனியே இயக்கும் நுண்ணிய பாதை சேதமடைந்த நிலையில், மூளைத்தண்டிலிருந்து இறங்கும் பழைய, பருமட்டான பாதைகள் கையை ஏற்று நடத்த முயல்வதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. கால் பெரும்பாலும் கையைவிட முன்னதாக வருவதையும் இதைக் கொண்டு ஓரளவு விளக்கலாம்: நிற்கவும் நடக்கவும் அந்தப் பழைய பாதைகள் ஓரளவு போதும், பொத்தான் போட அவை போதாது.

பல வீடுகளில் ஒரு காட்சியைப் பார்த்துத் திகைத்திருப்பார்கள். எவ்வளவு முயன்றாலும் அசையாத கை, அவர் பெரிதாகக் கொட்டாவி விடும்போது தானாக மேலெழும். இது மருத்துவ நூல்களில் பதிவான நிகழ்வு. மூளைத்தண்டிலிருந்து வரும் வேறு வழிகள் கைவரைக்கும் திறந்திருக்கின்றன என்பதற்கு அது சான்று. ஆனால் அதைக் கண்டு “வேண்டுமென்றே அசைக்காமல் இருக்கிறார்” என்று எவரும் சொல்லிவிடக் கூடாது. விருப்பத்தால் புறப்படும் கட்டளைக்கு அந்த வழி கிடைக்கவில்லை என்பதே உண்மை.

உடம்பைச் சாய்த்து டம்ளரை எட்டுவதும், இடக்கையால் சாப்பிடப் பழகுவதும் ஈடுகட்டும் உத்திகள். வாழ்க்கை நடந்தாக வேண்டும், அவற்றைக் குறையாகச் சொல்ல மாட்டேன். எனினும் கை வரக்கூடிய முதல் மாதங்களில் அவற்றை மட்டுமே பழகினால் மூளை அவற்றைத்தான் கற்றுக்கொள்ளும். எது ஈடுகட்டல், எது மீட்பு என்பதைப் பிரித்துக் காட்டுவதுதான் நல்ல பிசியோதெரபிஸ்ட்டின் முதல் வேலை என்பது என் கருத்து.

கை சிறிதும் அசையாதவர்களுக்கும் வழி முழுவதும் அடைபட்டுவிடவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் கலிஃபோர்னியாவில் பணியாற்றிய வி. எஸ். ராமச்சந்திரன், வெட்டப்பட்டு இல்லாத கையில் வலிப்பதாகத் துன்புற்றவர்களுக்காக 1990களில் ஒரு கண்ணாடிப் பெட்டியை அமைத்தார். நல்ல கையைக் கண்ணாடிக்கு முன் வைத்து அசைத்தால், இல்லாத கை அசைவது போல அதில் தெரியும். அதே முறை பக்கவாதத்துக்கும் கொண்டுவரப்பட்டு, 1999இல் முதல் முடிவுகள் வெளியாயின. விழுந்த கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் அசைக்க முயல்வதுதான் பயிற்சி. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். ஓரளவு பயன் உண்டு என்று பிற்கால ஆய்வுகளின் தொகுப்பும் சொல்கிறது.

பேச்சு இழந்தவர்களுக்கும் இதே கதைதான். இடப்பக்க மூளை தாக்கப்பட்டுத் தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாதவர், பழகிய பக்திப் பாடலின் வரிகளைத் தடையின்றிப் பாடுவதைப் பார்க்கலாம். இதைக் கவனித்து, சொற்றொடர்களை ராகம் போல இழுத்து, இடக்கையால் தாளம் தட்டியபடி சொல்லிப் பழக்கும் முறையை 1970களில் அமெரிக்க மருத்துவர்கள் உருவாக்கினார்கள்.

மாத்திரையால் இந்தக் கற்றலைத் தூண்ட முடியுமா என்றும் பார்த்தார்கள். மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளூவாக்ஸெடின் 2011இல் 118 பேரிடம் செய்த பிரெஞ்சு ஆய்வில் பெரும் நம்பிக்கை தந்தது. பின்னர் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் பிரிட்டனில் செய்து பார்த்தபோது, அன்றாடச் செயல்திறன் கூடவில்லை, எலும்பு முறிவுகள்தான் சற்றுக் கூடின. ‘மூளை டானிக்’ என்று சொல்லி விற்கப்படும் எதையும் வாங்கும் முன் இந்த அனுபவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பைப் பயிற்சியின் போதே தூண்டும் ஒரு கருவிக்கு 2021இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. தண்டுவடம் முறிந்தவர்களுக்கு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் செய்யும் மின்தூண்டல் ஆய்வுகளும் உண்மையான முன்னேற்றமே. இவை எல்லாவற்றிலும் கருவியோடு கடும் பயிற்சியும் சேர்ந்தே இருக்கிறது. பயிற்சியை நீக்கிவிட்டு எந்தக் கருவியும் இன்றுவரை இந்த வேலையைச் செய்துகாட்டவில்லை.

எவ்வளவு தூரம் போகலாம்

நியூயார்க்கில் வாழ்ந்த ஆசிரியரும் கவிஞருமான பெத்ரோ பாக்-இ-ரிட்டாவுக்கு 1950களின் இறுதியில், 65 வயதில், ஒரு பக்கம் விழுந்து பேச்சும் போயிற்று. சில வாரப் பயிற்சிக்குப் பின் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற நிலையில், மெக்சிகோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜார்ஜ் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். நடக்க முடியாதவரைக் குழந்தையைப் போலத் தவழவிட்டார். தரையில் கோலிக்குண்டை உருட்டி, விழுந்த கையால் பிடிக்கச் சொன்னார். பாத்திரம் கழுவச் சொன்னார், கால்மணி நேரம் ஒரு திசையில், கால்மணி நேரம் எதிர்த்திசையில். பெரியவரைத் தவழவிடுகிறார்களே என்று அக்கம்பக்கத்தார் மனம் புண்பட்டார்கள். மாதங்கள் சென்றன, தவழ்ந்தவர் நடந்தார், தட்டச்சு செய்தார், மீண்டும் கல்லூரியில் பாடம் நடத்தப் போனார். 1965இல் கொலம்பியாவில் மலையேறியபோது மாரடைப்பால் இறந்தார். அதன் பிறகு அவருடைய மூளையைப் பரிசோதித்தபோது, மூளைத்தண்டில் ஏற்பட்ட பெரும் சேதம் ஆறாமல் அப்படியே இருந்தது. அணுக்கள் திரும்பவில்லை, எஞ்சியிருந்த சொற்ப இழைகளும் பிற வழிகளும் அந்த வேலையை எடுத்துக்கொண்டிருந்தன. இன்னொரு மகன் பால், அந்தப் பரிசோதனை முடிவைக் கண்ட பிறகு, தன் மருத்துவ வாழ்வை இந்த மீட்சியைப் படிப்பதற்கே திருப்பிக்கொண்டார்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று எழுதினால் அது பொய்யாகும். கைக்கான பாதை முழுவதும் அறுந்துபோனவருக்கு, எவ்வளவு உழைத்தாலும் விரல்நுனி வேலைகள் வராமல் போகலாம். வராவிட்டால் அவர் போதிய அளவு முயலவில்லை என்று பொருளாகாது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதை மருத்துவரிடம் சொல்லிச் சரிசெய்யாமல் பயிற்சிக்கு மட்டும் வற்புறுத்துவது கொடுமை. தளர்ந்த தோளைப் பிடித்து இழுத்து எழுப்புவதால் வரும் வலி, பிறகு எந்தக் கைப்பயிற்சிக்கும் இடம் தராது; அவரை எழுப்பும்போது அந்தக் கையைத் தொடாமல் முதுகையும் இடுப்பையும் தாங்கிப் பிடிக்க வேண்டும். இரவில் நல்ல உறக்கம் வேண்டும், பகலில் பழகியது மூளையில் படிவதற்கு உறக்கம் துணைசெய்கிறது.

ஆறு மாதம் தாண்டிவிட்டால் இனி ஒன்றும் வராது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் நம் ஊரில் ஏராளம். லண்டன் குயின் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் நிக் வார்டும் உடன் பணியாற்றியவர்களும் 224 பேருக்கு மூன்று வாரத்தில் 90 மணி நேரக் கைப்பயிற்சி தந்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் பக்கவாதம் வந்து ஓராண்டைத் தாண்டியவர்கள். மூன்று வார முடிவில் அவர்களுடைய கை முன்னேறியிருந்தது. ஆறு மாதம் கழித்து மீண்டும் அளந்தபோதும் அந்த முன்னேற்றம் குறையாமல் இருந்தது.